மாமா வைத்த கைநாட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி புனேவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடுக்கு வந்த முதல் மாதமே, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல், காய்கறிக்காரனிடம் தமிழிலேயே சண்டை போட்டு அரைக் கிலோ முற்றல் வெண்டைக்காயைத் திருப்பிக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒருத்தர் முன்னால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் மாமனார். பயமெல்லாம் கிடையாது. அந்த மனுஷன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

மாமா அங்கே ராணுவ டிப்போவில் ஸ்டோரில் வேலை பார்த்து, தொண்ணூறுகளின் நடுவில் ரிட்டயரானவர். பீடி, வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. கர்வம் என்று அவரிடம் ஒன்று இருந்தது என்றால் அது அவருடைய கையெழுத்துதான். ஆரணிப் பக்கம் அவர் குடும்பத்தில் அவருக்கு முன்னால் ஒருத்தரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. டிப்போவில் கூலியாளாகச் சேர்ந்து முதல் சம்பளத்துக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் பெருவிரலை மையில் அழுத்தி ரிஜிஸ்டரில் வைத்துக்கொண்டே போனார்களாம். இவர் முறை வந்ததும் குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தியிருக்கிறார். இவர் பேனா கேட்டாராம். தமிழில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி வைத்தாராம். நூறு தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். பத்து வார்த்தைக் கட்டுப்பாடு இந்தக் கதைக்கு மட்டும் கிடையாது.

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டிலிருந்து எல்லாவற்றுக்கும் பெருவிரல்தான். மாமா அவரைக் கைநாட்டு, கைநாட்டு என்று கேலி செய்வார். அத்தை சும்மா விடுகிற ஆளா? "உங்க கையெழுத்த எவன் வேணா பார்த்துப் போட்டுடுவான். என் ரேகைய ஒருத்தன் போடட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி, பெருவிரலை அவர் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டுவார். அந்த மகராசி பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்தார். அவர் போன மறு வருஷம் மாமாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் குளிர் என்றார். அப்புறம் ரத்தக் கொதிப்பு என்றார். புனே கேம்ப்பில் ஒரு நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவர் மாமாவை நடக்கச் சொன்னார், ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னார். எழுத்து பெரிதாகத் தொடங்கி, போகப் போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. பார்க்கின்சன்ஸ் என்றார். தீராது, ஆனால் மூன்று வேளை மாத்திரையில் சமாளிக்கலாம், மாத்திரை வேலை செய்கிற நேரம் கை நன்றாக இருக்கும், மற்ற நேரம் இப்படித்தான் என்றார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே ரிட்டயரான டிப்போக்காரர்கள் நாலைந்து பேர் சாயங்காலம் கூடி டீ குடிப்பார்கள். அதற்குச் சில நாள் முன்னால் டீ இவர் சட்டையில் கொட்டிவிட, கூட இருந்தவர் டம்ளரைப் பிடித்துக் குடிக்கவைத்தாராம். அது போதாதா அவருக்கு?

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பிம்ப்ரி தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? அவர் வேலை தேடி நாசிக் வரை அலைந்துகொண்டிருந்தார். வீடு மாமாவின் பென்ஷனில் ஓடியது. என் பெண்ணின் பள்ளிக்கூட ஃபீஸ், வாடகை, அரிசி, மாமாவின் மாத்திரை எல்லாம் அதில்தான். பென்ஷன் வந்தது பஜாரில் இருந்த சின்ன வங்கிக் கிளைக்கு. முறைப்படி பார்த்தால் கணக்குக்காரர்தான் நேரில் போக வேண்டும். ரொம்ப வருஷப் பழக்கம் என்பதால் மாமா பணம் எடுக்கிற ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், நான் பாஸ்புக்கோடு போய் வாங்கி வருவேன்.

ஒரு மாதம் கவுன்ட்டரில் இருந்த மராத்திப் பெண் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நல்ல பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, மாமாவின் கையெழுத்து அவளைப் பொறுத்தவரை ஒரு படம். பழைய படத்தோடு இந்தப் படம் ஒத்துப்போகவில்லை என்றாள். காகாவுக்கு, பெரியவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், முடியவில்லையென்றால் அழைத்து வாருங்கள், இனிமேல் கைரேகை என்று பதிவு செய்துவிடலாம், அவருக்கும் சிரமம் இருக்காது என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். என்ன நேரத்தில் சொன்னேனோ, தட்டில் கை வைத்திருந்தவர் எழுந்துவிட்டார். "கைநாட்டு வெச்சு வாங்கற பென்ஷன் எனக்கு வேணாம்மா" என்றார். அவ்வளவுதான். அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ராத்திரியும் சாப்பிடவில்லை.

எனக்கு வந்ததே கோபம். அவரிடம் காட்ட முடியுமா? சமையலறைப் பாத்திரங்கள்தான் அடிபட்டன. வீம்பு சோறு போடுமா, பேத்தி ஃபீஸ் கட்டுமா என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முணுமுணுத்தேன். முணுமுணுத்துவிட்டு எட்டிப் பார்த்தால், அவர் இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நடுங்குகிற கை கட்டில் சட்டத்தில் பட்டுச் சத்தம் வரக் கூடாதாம். என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

மறுநாள் அவருடைய பெட்டியில் இருந்து அவர் முன்பு கையெழுத்துப் போட்டிருந்த பழைய விண்ணப்ப நகல் ஒன்றை எடுத்தேன். சோறு கொதிக்கிற நேரத்தில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் பெயரை எழுதிப் பழகினேன். என் வீட்டுக்காரர் தேஹு ரோடிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், அதிலும் பாதி இந்தி, எழுத்து ஒன்றுகூடப் படிக்க வராது. வீட்டில் இந்த வேலையைச் செய்ய என்னை விட்டால் ஆளில்லை. கோடு, இரண்டு புள்ளி, எல்லாம் வந்துவிட்டது. வங்கியில் நூல் கட்டிய பேனாவால் புது ஃபாரத்தில் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒப்பிட்டுப் பார்த்து, காகாவுக்குக் குணமாகிவிட்டதா என்று சந்தோஷமாகக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு மாதா மாதம் இதுதான். மாமா கால் மணி நேரம் போராடி, நெற்றி வேர்க்க, ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவார். பஜார் திரும்பியதும் நான் அதைச் சுக்கு நூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, வங்கியில் உட்கார்ந்து என் கையால் ஒன்று போடுவேன். தப்பு என்று தெரியாமல் இல்லை. போலீஸ் கனவெல்லாம் வந்தது. ஆனால் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா வாசலில் நிற்பார். ஒத்துக்கிட்டாங்களா என்பார். ஒத்துக்கிட்டாங்க மாமா என்பேன். அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கொஞ்ச நாளில் ஸ்டேஷன் பெஞ்சுக்குக்கூடப் போக ஆரம்பித்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வங்கியில் தன் கையெழுத்து இன்னும் செல்லுகிறது என்பதை மட்டும் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் நிஜத்தைச் சொல்ல எனக்கு எங்கிருந்து மனசு வரும்?

கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தவள், நவம்பரை மறந்துவிட்டேன். நவம்பர் வந்தால் பென்ஷன் வாங்குகிறவர்கள் நேரில் போய், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அதிகாரி கண்ணெதிரில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். லைஃப் சர்டிபிகேட். போடாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். மாமா மறக்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு காலையிலேயே தயாராக உட்கார்ந்திருந்தார்.

வங்கியில் புது அதிகாரி மாற்றலாகி வந்திருந்தார். மரியாதையான மனிதர், மாமாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். மாமா பேனாவை வாங்கி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். முதல் இரண்டு எழுத்து நின்றது. மூன்றாவது சரிந்தது. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கோடு போட வரவே இல்லை. அதிகாரி அதைப் பார்த்தார், எழுந்து போனார், ஒரு கட்டோடு திரும்பி வந்தார். அதிலிருந்து நான் போன மாதம் கொடுத்த ஃபாரத்தை உருவி, மாமாவின் முன்னால் வைத்தார். போன மாதம் இவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறீர்கள், இது உங்கள் கையெழுத்துதானா என்று இந்தியில் கேட்டார். மாமாவைக் கேட்டார். பார்த்தது என்னை.

நீள வாய்க்காரி நான், கையிலிருந்த பாஸ்புக்கைப் பிரித்துப் பிரித்து மூடினேன்.

மாமா அந்தக் காகிதத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை அரை நிமிஷம்தான் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் பத்து மாதமும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது. அவர் போட்டுக் கொடுத்தது ஒன்றுகூட வங்கிக்கு வரவில்லை. பெஞ்சில் போய்ச் சொன்னதெல்லாம் பொய். இனி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் செத்தேன்.

அவர் காகிதத்தை மேஜையில் வைத்தார். டிப்போ இந்தியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நான் போட்டதுதான் சாஹிப். மாத்திரை போட்ட நேரத்தில் கை நன்றாக இருக்கும். இன்றைக்கு இல்லை." பிறகு, அதிகாரி கேட்காமலே, அந்தப் பக்கம் இருந்த மைப்பெட்டியைத் தானே இழுத்தார். இனிமேல் இதையே பதிவு செய்துகொள்ளுங்கள், கையெழுத்து வேண்டாம் என்றார்.

நடுங்குகிற விரலை மையில் அழுத்தினார். காகிதத்தில் வைத்தபோது அந்தக் கவுன்ட்டர் பெண் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கவிட்டார். வரிசையில் நின்று பேனா கேட்ட மனுஷன் அவர்.

கைரேகை என்றால் இரண்டு சாட்சி வேண்டுமாம். ஒன்று அந்தப் பெண். இன்னொன்று நான். அதிகாரி காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்துவிட்டேன், எழுத ஓடவில்லை. மாமா என் பக்கம் லேசாகச் சாய்ந்தார். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

"போடும்மா" என்றார். "இந்தத் தடவ உன் பேரப் போடு."

போட்டேன். என் கை நடுங்கியதில் என் பெயர் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதை யாரும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மை வெள்ளைச் சட்டையில் படாமல் மாமா பெருவிரலைத் தூக்கியே வைத்திருந்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மன்னிச்சிடுங்க மாமா என்று சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. கொஞ்ச தூரம் போனதும் அந்த விரலைப் பார்த்துச் சிரித்தார். எவன் வேணா போட்டுடுவான்னு உங்க அத்தை அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல என்றார். அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டே, "கோடு, ரெண்டு புள்ளி எல்லாம் சரியாத்தான் வெச்சிருந்தே. இனிமே அத உன் பேருக்குக் கீழ வெச்சிக்கோ. எனக்குத் தேவைப்படாது" என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போய், மை போகாத விரலை அவரே காட்டிவிட்டு வந்தார். டீயும் குடித்திருக்கிறார். சட்டையில் கறை இருந்தது. கையெழுத்து ஏன் கைநாட்டாக மாறியது என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, வயசாச்சுடா என்று முடித்துவிட்டார். கடைசிவரை அவரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை நான் இப்போது தைரியமாக எழுதுவதற்குக் காரணமும் அதுதான். என் வீட்டுக்காரருக்குத் தமிழ் படிக்க வராது.

மாமா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. என் பெயருக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. இது எதற்கு என்று எந்தக் கவுன்ட்டரிலாவது கேட்டால், எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லிவிடுகிறேன்.