என் கையில் வராத சிவப்பு

காற்றுப் பட்டால் கெட்டுவிடும் பொருள்களோடு நாற்பது ஆண்டுகள் வேலை செய்தேன். கரிம உலோக வேதியியல் என்பார்கள். கரிமச் சேர்மங்களை இரும்பு, கோபால்ட் போன்ற உலோகங்களோடு பிணைத்துப் புதிய பொருள்களைச் செய்வது. அவற்றில் பலவும் திறந்த காற்றில் ஒரு நிமிடம் தாங்காது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்களுக்குள், நைட்ரஜனையோ ஆர்கானையோ நிரப்பி, அந்த மறைவில்தான் வேலை.

நாடு முழுக்கச் சேர்த்தாலும் இந்த வேலையைச் செய்தவர்கள் அப்போது எழுபது பேர் இருந்தால் அதிகம். எங்களுக்கென்று ஒரு சங்கம். ஆண்டுக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊரில் கூடுவோம். யாரிடம் நல்ல பம்ப் இருக்கிறது, யார் குடுவையை உடைத்துக் கையைச் சுட்டுக்கொண்டார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் புதிதாக ஒரு பொருளைக் கண்டால், கூட்டத்தில் சொல்வதற்கு முன் இன்னொருவர் தன் ஆய்வகத்தில் அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். செய்து பார்த்தவர் கூட்டத்தில் எழுந்து, "என் கையில் வந்தது" என்பார். அதற்குப் பிறகுதான் அந்தப் பொருள் இருப்பதாகவே கணக்கு. திரும்பச் செய்பவருக்கு ஒரே ஒரு விதி. எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்ய வேண்டும். தன் சாமர்த்தியத்தை அதில் காட்டக் கூடாது.

அந்த எழுபது பேரில் இரண்டு பேர் கள்ளக்குறிச்சிக்காரர்கள். ஒருவன் நான். தியாகதுருகத்துப் பக்கம் கிணறும் கரும்பும் இருந்த குடும்பம். மற்றவன் கருணாபுரத்தில் பிறந்தவன். அவன் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனவர்கள். எங்கள் கரும்பையும் அவர்கள் வெட்டியிருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கல்லூரியிலும் ஒன்றாகவே வேதியியல் எடுத்தோம். பிறகு எனக்கு வெளியூரில் பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அவனுக்கு எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை. பி.எஸ்சி. மாணவர்கள் உப்பைச் சோதிக்கும் கூடத்தின் மூலையில், மரப் பலகையால் தடுத்து, தனக்கென்று ஓர் ஆய்வகத்தை அவனே கட்டிக்கொண்டான். கண்ணாடிக் குழாய்களை அவனே ஊதினான்.

அவன் பாஸ்பீன்கள் செய்வான். பாஸ்பரஸ் சேர்ந்த ஒருவகைச் சேர்மம் அது. பூண்டு அழுகிய மாதிரி நாறும். குளித்தாலும் போகாது. ஒரு முறை ஊருக்குப் போன நான் அவனோடு கள்ளக்குறிச்சிப் பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து முன்னால் போய்விட்டார்கள்.

"இன்னா சார், பூண்டு மூட்ட எதனா ஏத்திக்கினு வந்தீங்களா? லக்கேஜ் போடணும்" என்றார் நடத்துநர்.

"மூட்டயே நான்தான்யா. எனக்குத்தான் டிக்கெட் எடுத்துட்டனே" என்றான் அவன். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சட்டைக் காலரை மோந்து பார்த்து, "ஜாஸ்தியாத்தான்டா இருக்குது" என்றான்.

எழுபதுகளின் கடைசியில் அவன் ஒரு புதிய பாஸ்பீனைச் செய்து இரும்போடு சேர்த்தான். ஏன் இரும்பு என்று கேட்டேன். "நம்ம காலேஜில வேற இன்னாடா கீது?" என்றான். சேர்த்தபோது, நல்ல சிவப்பில், மாதுளை முத்துப் போலப் படிகங்கள் வந்தன. அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பகுப்பாய்வுக்கு அனுப்பியபோது நைட்ரஜன் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. வழியில் காற்றுப் பட்டிருக்கும் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆண்டுக் கூட்டத்தில் சொல்ல விண்ணப்பித்தான். கூட்டம் ஏற்றுக்கொண்டால் ஒரு பெரிய ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்ய அழைப்பு வரும் என்று பேச்சிருந்தது. அவனுக்கு அந்த மரத் தடுப்பை விட்டு வெளியே வர அது ஒன்றுதான் வழி. திரும்பச் செய்து பார்க்க என் பெயரை அவனே எழுதிக் கொடுத்தான்.

பாஸ்பீனை ஒரு குழாயில் அடைத்து, பால் பவுடர் டப்பாவில் மரத்தூளுக்கு நடுவே வைத்து அனுப்பினான். கூடவே நான்கு பக்கம் கையெழுத்தில் செய்முறை. முதல் வரியே "எல்லாம் நைட்ரஜனில்" என்று இருந்தது.

எங்கள் நிறுவனத்துக்கு அப்போதுதான் ஆர்கான் வந்திருந்தது. நைட்ரஜனை விட மேலானது, எதனோடும் சேராது, கனமானது, குடுவையை விட்டு எளிதில் போகாது. என் குழாய்களில் எல்லாம் ஆர்கான்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்காக நைட்ரஜனுக்கு மாற்றுவதென்றால் அரை நாள் வேலை. ஏழைக் கல்லூரியில் ஆர்கான் இல்லை, அதனால் நைட்ரஜன் என்று எழுதியிருக்கிறான் என்று எண்ணினேன். நைட்ரஜனில் வருவது ஆர்கானில் இன்னும் நன்றாகத்தானே வரும்? மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் பாசி நிறத்தில் ஒரு சேறுதான் வந்தது.

கூட்டத்தில் அவன் கரும்பலகையில் எழுதி, கால் மணி நேரம் பேசினான். முடிந்ததும் தலைமை வகித்த பெரியவர், திரும்பச் செய்தவர் யார் என்று கேட்டார். நான் எழுந்து, "மூன்று முறை செய்தேன். என் கையில் வரவில்லை" என்றேன்.

அவன் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. பிறகு எனக்கு அறிமுகமே இல்லாதவனைப் போல, மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டான். என்ன வாயு பயன்படுத்தினீர்கள்?

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் எங்கள் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எழுதிக் கொடுத்ததை மாற்றிச் செய்தவன் என்று சிரித்திருப்பார்கள். போய் மறுபடி செய்துவிட்டு வா என்றிருப்பார்கள். அவ்வளவுதான்.

"நைட்ரஜன். நீங்கள் எழுதியபடியே" என்றேன்.

கூட்டம் முடிந்து நானும் ஊருக்குப் போனேன். இருவரும் ஒரே ரயிலில் வந்தோம். சின்னசேலம் நெருங்கியது. மேற்கே கல்வராயன் மலை தெரிந்தபோது கேட்டான்.

"டேய், நெசமா நைட்ரஜன்தான் போட்டியா?"

"உன்கிட்ட பொய் சொல்வனாடா?"

"அதுக்கில்லடா. உன் லேப்ல ஆர்கான்தான ஓடிக்கினு இருக்குது. அதான் கேட்டேன்."

"உனக்கோசரம் மாத்தினேன்."

அவன் தலையை ஆட்டினான். "அப்ப என் சிலிண்டர்லதான் இன்னாவோ கலந்துகினு கீது" என்றான். பிறகு என் தோளைத் தட்டி, "மூணு வாட்டி செஞ்சியே, அதுவே பெருசுடா" என்றான்.

நான்கு மாதம் கழித்து லாரிகள் ஓடாத ஒரு வாரத்தில் எங்களுக்கு ஆர்கான் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் குழாய்களில் நைட்ரஜனை நிரப்பினேன். அவன் அனுப்பிய பாஸ்பீன் குழாயின் அடியில் சில துளி மிச்சம் இருந்தது. அதை எடுத்து, அவன் எழுதியபடியே செய்தேன். ஏன் செய்தேன்? வாயுதான் காரணமோ என்ற சந்தேகம் எனக்கு ரயிலிலேயே வந்துவிட்டது, அதனால்தான். ஒரு மணி நேரத்தில் குடுவைக்குள் சிவப்பு இறங்கியது. அவன் சொன்ன அதே சிவப்பு.

நைட்ரஜன் அங்கே காவலுக்கு நிற்கவில்லை. அந்தப் பொருளிலேயே அது ஒரு பங்கு. இரும்போடு நேராகப் போய்ப் பிணைந்திருக்கிறது. அதனால்தான் பகுப்பாய்வில் கூடுதலாகக் காட்டியது. நைட்ரஜன் சில உலோகங்களோடு அப்படிச் சேரும் என்று அப்போதே உலகத்துக்குத் தெரியும். நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவன் கையில் இருந்தது அவன் நினைத்ததை விடப் பெரிய விஷயம்.

குடுவையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அடைப்பைத் திறந்து காற்றை உள்ளே விட்டேன். சிவப்பு ஓரத்திலிருந்து பழுப்பாகி, ஒரு நிமிடத்தில் எல்லாம் துரு நிறமாயிற்று. கழுவி வைத்தேன். என் ஆய்வுக் குறிப்பேட்டில் அன்றைய பக்கம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதே வாரம் எங்கள் சங்கத்தின் செயற்குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதுதான் காரணம் என்று சொன்னால் கொஞ்சம் புரியும்படி இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டாலும் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து வெளிநாட்டில் ஒரு குழு கிட்டத்தட்ட அதே பொருளைச் செய்து ஓர் ஆய்விதழில் எழுதியது. எங்கள் கூட்டத்தில் அதைப் பாராட்டிப் பேசினார்கள். தேநீர் இடைவேளையில் ஒருவர், "உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதைத்தானே சொன்னாரு?" என்று கேட்டார். "அது வேற" என்றேன். அந்தக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. கருணாபுரத்திலிருந்து வந்த அந்த ஒருவன் அதற்குள் வருவதையே விட்டிருந்தான். அவன் கல்லூரிக்கு அந்த இதழும் வருவதில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு, மார்வலியில் இறந்துபோனான். செய்தி கிடைத்தது. நான் போகவில்லை.

போன மாதம் போனேன். அவன் மனைவி இப்போது கச்சிராயபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பின்வாசலைத் திறந்தால் மலைதான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்கண்ணே. எவ்ளோ இளைச்சிட்டீங்க" என்றார். மோர் கொடுத்தார். "அவுரு உங்கள பத்தி பேசாத நாளே இல்லீங்க."

"என்னம்மா சொல்வான்?"

"இன்னா சொல்வாரு, அந்தச் செவப்பு செவப்புன்னு ஒண்ணு செய்வாருங்களே, அதான். காலேஜ் வுட்டு வந்தாலும் அதே நெனப்பு. சிலிண்டர்ல வர்ற காத்த இன்னும் சுத்தம் பண்ணணும், இன்னும் சுத்தம் பண்ணணும்னு புதுசு புதுசா குழா ஊதிக்கினே இருப்பாரு. ஒவ்வொரு வாட்டியும் செவப்பாத்தான் வரும். அதான் செவப்பா வருதே, வுடுங்களேன்னு நான் சொல்வேன். இல்லடி, அவன் மூணு வாட்டி செஞ்சிக்கீறான். அவனுக்கு வரலன்னா என்கிட்டத்தான் இன்னாவோ தப்பு கீது, கண்டுபுடிக்காம வுட மாட்டேம்பாரு."

பதினொரு ஆண்டுகள் அப்படிச் செய்திருக்கிறான். ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் ஆர்கான் இல்லை. என்னிடம் இருந்தது. என்ன வாயு என்று அவன் கேட்டது அதனால்தான்.

அவர் உள்ளே போய் ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். கறுப்புத் துணி சுற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று அதில் இருந்தது. இரண்டு முனையும் தீயில் உருக்கி அடைத்தது. "காத்து பட்டா செத்துடும், ஒடச்சிடாதன்னு சொல்லி வெச்சாருங்க. தூக்கிப் போட மனசு வரல." துணியை விலக்கினார். உள்ளே சிவப்பு அப்படியே இருந்தது. ஒட்டியிருந்த சீட்டில் அவன் கையெழுத்து. கூட்டத்துக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

நான் சொன்னேன். ஆர்கான் போட்டது, பொய் சொன்னது, ரயிலில் மறுபடி சொன்னது, குடுவையைத் திறந்தது, எல்லாவற்றையும். அவருக்குப் புரியும்படி சொல்ல நேரம் பிடித்தது. அவர் அழவில்லை, திட்டவுமில்லை. மோர்ச் சொம்பை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"அப்ப அவுரு செஞ்சது சரிதானுங்களா?"

"சரிதாம்மா. முழுக்கச் சரி."

"சாகறதுக்கு மின்னாடி ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, அதற்காகத்தானே வந்தேன் என்பதால், கேட்டேன். அந்தக் குழாயைக் கொடுங்கள். இப்போதிருக்கும் ஆய்வகங்களில் கொடுத்துச் சோதித்துவிடலாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்பே அவன் செய்தான் என்று சங்கத்தில் எழுதி நிலைநாட்டுகிறேன். அதற்கு வேறு சாட்சி இல்லை. இருந்த ஒன்றை நானே அழித்துவிட்டேன்.

அவர் குழாயைத் துணியில் சுற்றினார். டப்பாவில் வைத்து மூடியை அழுத்தினார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"எடுத்துக்கினு போயிட்டு, திரும்பவும் உங்க கையில வரலன்னு சொல்லிட்டீங்கன்னா நான் இன்னாங்கண்ணே பண்ணுவேன்?"

அவர் மகள் வந்து, கள்ளக்குறிச்சிக்கு நாலரைக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றாள். எழுந்து வந்தேன். வாசல்வரை வந்து அவர் கும்பிட்டார். டப்பா அவர் இடுப்பில் இருந்தது.

எங்கள் சங்கத்துக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். குழாய் எங்கே என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அது இருக்க வேண்டிய வீட்டில் இருக்கிறது, நான் கேட்டேன், தரவில்லை, அவர் தராததுதான் சரி என்று பதில் எழுதினேன்.