முன் சக்கரம் ஏன் பூட்டிக்கொண்டது

மான்குர்த் பாலத்து இறக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். விழுந்த செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. யாரோ பார்த்து யாருக்கோ போன் செய்து, நான் கிழிந்த முழங்காலோடு தாராவியில் வந்து இறங்குவதற்குள் தீர்ப்பு முடிந்திருந்தது. பொம்பளை பதறிப்போய் முன் பிரேக்கை அழுத்தியிருப்பாள், அவ்வளவுதான்.

என் கணவரின் அண்ணன் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். கீழே பட்டறை, மேலே நாங்கள். வெட்டிய துணியில் பாதியை மான்குர்த்திலும் ஆண்டாப் ஹில்லிலும் வீட்டிலிருந்தே தைக்கிற பெண்களிடம் கொடுத்து, தைத்ததை வாங்கிவர வேண்டும். டெம்போக்காரன் வராத ஒரு நாள், வாசலில் சும்மா நின்ற கணவரின் வண்டியை எடுத்துக்கொண்டு நான் போனேன். அவர் ரயிலில் ஆபீஸ் போகிறவர். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. யாரும் பாராட்டவில்லை, தடுக்கவும் இல்லை. சயான் தாண்டி செம்பூர் பக்கம் திரும்பினால், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கொஞ்ச நேரம் எனக்கென்று கிடைக்கும். வேறு எதைப் பிடுங்கினாலும் விட்டுக்கொடுத்திருப்பேன், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எங்கள் பக்கத்தில் கணவரின் அண்ணன், தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. எதிரிலேயே நின்றாலும் தம்பியைப் பார்த்துத்தான் சொல்வார். அன்றும் அப்படித்தான். நான் முழங்காலுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, இனிமே வண்டியத் தொட வேண்டாம்னு அவட்ட சொல்லு."

கணவர் என்னிடம் சொன்னார். காது கேட்காதவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

வண்டி அதற்குச் சில வாரங்களாகவே சரியில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் உருண்டு போக வேண்டியது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல நின்றது. தூரம் போகப் போக முன் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. கணவரிடம் அப்போதே சொன்னேன். நீ தெரியாமலே பிரேக் லிவர்மேல் விரலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய் என்றார். விழுந்த பிறகு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பிரேக் பேடை மாற்றினார். மாட்டுங்காவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றார். கோளாறு வண்டியில் இல்லையென்றால் யாரிடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

மாட்டுங்கா கிட்டத்தில்தான் இருக்கிறது. பிரேக் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். எனக்குப் பிடித்துக்கொண்டதெல்லாம் சூடான பிறகுதான். இதை எத்தனை தரம் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் தம்பியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பட்டறையிலிருந்து ஸ்பேனர்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். போனில் ஹிந்தி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, என்ன சோதிக்க வேண்டும் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். டிராம்பே ரோட்டில் மெதுவாகவே போனேன். நினைத்தபடியே வண்டி கனத்தது, பிறகு முன் சக்கரம் நகர மாட்டேன் என்று நின்றது. ஓரமாகத் தள்ளி, சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக்கில் காற்று எடுக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிரேக் ஆயில் பீச்சியடித்தது. சக்கரம் உடனே விட்டுக்கொடுத்தது. ஆக, பேடு பாவம் ஒன்றும் செய்யவில்லை. அழுத்தின ஆயில் திரும்பி மேலே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது.

திருகை இறுக்கிவிட்டுத் திரும்பினேன். செம்பூர் வருவதற்குள் மறுபடியும் பூட்டிக்கொண்டது. இந்தத் தடவை கீழே கை வைக்கவில்லை. ஹேண்டிலில், பிரேக் குழாய் சேருகிற போல்ட்டைத் தளர்த்தினேன். அப்போதும் சக்கரம் விட்டது. குழாயில் அடைப்பு இருந்தால் மேலே தளர்த்தி கீழே விட்டிருக்காது. கோளாறு லிவரோடு இருக்கிற ஆயில் கிண்ணத்தில்தான்.

துணியைச் சுற்றிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர், பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து ஊதியிருந்தது. ஆயிலுக்கு மேலே தண்ணீர் நிறத்தில் வேறொரு எண்ணெய் ஒட்டாமல் மிதந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். பட்டறைக்கு மேலே குடியிருக்கிற எனக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய்.

ஆயுத பூஜையன்று பட்டறையில் எண்ணெய் படாத இரும்பு இருக்கக்கூடாது. அண்ணன் குளித்து நீறு பூசி, மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு சுற்றி வருவார். மிஷின்கள், கத்தரிக்கோல், ஷட்டர், டேபிள் ஃபேன் வரைக்கும் எண்ணெய் விடுவார். இந்தத் தடவை வாசலில் நின்ற வண்டிக்கும் சந்தனம் வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கிண்ணத்தில் குறைந்திருந்ததைப் பார்த்து அதையும் நிரப்பியிருக்கிறார். பேடு தேய்ந்தால் அங்கே ஆயில் குறையத்தான் செய்யும். பக்தியோடு ஊற்றிய எண்ணெயில் உள்ளே இருந்த ரப்பரெல்லாம் உப்பி, ஆயில் திரும்பி வருகிற சிறு துளையை அடைத்துவிட்டன. சூடு ஏற ஏற பிரேக் தானாகவே இறுகியிருக்கிறது.

சாயங்காலம் இருவரும் வந்ததும், அந்த ரப்பரைப் பேப்பரில் வைத்து முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக விளக்கினேன். கணவர் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

அண்ணன் கூச்சப்படவில்லை. "நான்தாம்லே ஊத்தினேன். கொறஞ்சு கிடந்துது. எண்ணெ விட்டு எந்த மிஷினும் கெட்டதில்ல."

நான் கணவரைப் பார்த்தேன். அவள்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. அவர் பேப்பரின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன்.

அண்ணன் யோசித்தார். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா? நல்லா இருந்த வண்டியே இப்படிப் பண்ணுது. இத நம்பிப் பொம்பளய ரோட்டுக்கு அனுப்பலாமா? வேண்டாம்னு சொல்லு."

என் கை சரியில்லை என்று பிடுங்கிய வண்டியை, இப்போது வண்டி சரியில்லை என்று பிடுங்கிக்கொண்டார். உண்மையைக் கண்டுபிடித்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிண்ணத்திலிருந்து கீழே வரை எல்லா ரப்பரையும் மாற்றி, குழாயைக் கழுவி, புது ஆயில் ஊற்றிக் காற்று எடுத்தது நான்தான். சந்தில் உட்கார்ந்து செய்தேன். வண்டி நன்றாக ஆனதும் கணவர் அதில் ஆபீஸ் போக ஆரம்பித்தார். துணி டெம்போவில் போனது. ஏன் வருவதில்லை என்று மான்குர்த்திலிருந்து போன் செய்த பெண்களிடம், தோள்பட்டை வலி என்று சொல்லிவைத்தேன்.

மழைக்காலம் பாதி போன பிறகு ஒருநாள், முன் பிரேக் லேசாகப் பிடிக்கிறது, பாரேன் என்றார் கணவர். மெக்கானிக்கிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தார். பிரேக் என்பது உயிர் சம்பந்தப்பட்டது, என் கோபத்தை அதில் காட்ட முடியாது. கழற்றிப் பார்த்தேன். மழையில், பேடு நகர்கிற பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் நிற்காமல் ஓடியது.

"இது பத்தாது. தூரம் ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். சாவி என் கையில்தான் இருந்தது.

"நீ கையக் கழுவு. நான் ஓட்டிப் பாத்துக்கிடுதேன்" என்று கையை நீட்டினார்.