செங்டு பயணத்தின் ஐந்தாம் நாள்

பேய், ஆவி, கனவில் வந்து சொன்னது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். இருபத்தெட்டு வருஷமாக லோதி ரோடில் மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறவள். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதே என்று உத்தியோகம் பழக்கிவிட்டது. இதையும் எழுத்தில் பார்த்ததால்தான் சொல்கிறேன், இல்லையென்றால் நானே சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை.

நாங்கள் துவாரகாவில் ஏழாவது மாடியில் இருக்கிறோம், நானும் என் கணவரும் மட்டும். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் ஏர்போர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆயுசு முழுக்க ஊர் உலகத்தை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் எங்கேயும் போகாதவர். அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்று ஒரு வாரம் வெளிநாடு போக முடிவு செய்தோம். செங்டு என்பது என் யோசனை. சீனாவில் பெரிய நகரம்தான், ஆனால் அங்கே ஜனங்கள் பூங்காவில் மூங்கில் நாற்காலி போட்டு நாள் முழுக்க டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். எங்களுக்கு ஏற்ற ஊர் என்று தோன்றியது. ஒரு நாளைக்கு ஒரே இடம், மத்தியானம் ரூமுக்கு வந்து தூக்கம், சாயங்காலம் காலாற நடை. அவ்வளவுதான் திட்டம்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடித்து அதே மேஜையில் நோட்டை விரித்து நாள்வாரியாக எழுதிக்கொண்டிருந்தேன். பாண்டா, பழைய தெரு, மியூசியம், டீக்கடைப் பூங்கா என்று நாலு நாள் சுமுகமாகப் போயிற்று. ஐந்தாம் நாளில் சண்டை வந்தது.

“டீ குடிக்கவா அவ்வளவு தூரம் போறோம்? ஊருக்கு வெளிய அந்தக் கோயில் மலை இருக்குல்லா, அதுக்குப் போயே தீரணும்,” என்றார்.

“அத்தன படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சாக்கும்?”

“கேபிள் கார் இருக்குளா. மிச்சத்த மெதுவா ஏறிக்கிடலாம்.”

விடவில்லை. சரியென்று வேண்டா வெறுப்பாக ஐந்தாம் நாளில் ‘மலை’ என்று எழுதினேன். பிறகு பேச்சை மாற்றுவதற்காக, போனில் புதிதாக ஏற்றியிருந்த மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்தேன். நாம் தமிழில் பேசினால் சீன எழுத்தில் வரும், அவர்கள் சீனத்தில் பேசினால் தமிழ் எழுத்தில் வரும். “காரம் கம்மியாப் போடுங்க” என்று சொல்லிப் பார்த்தோம். ஒரு சீன வீடியோவை ஓடவிட்டும் பார்த்தோம். ‘தயவுசெய்து தங்கள் கடவுச்சீட்டைக் காண்பிக்கவும்’ என்று எங்கள் ஆபீஸ் சர்க்குலர் மாதிரி தமிழ் வந்தது, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் டீ வைக்க எழுந்து போனேன். போன் மேஜையில் திறந்தபடியே கிடந்தது.

“ஏளா, இங்க வா. இது தன்னால என்னமோ அடிக்கி.”

போய்ப் பார்த்தால் மேலே ஒரு வரி சீன எழுத்து, கீழே தமிழில்: ‘படி ஈரமா கெடக்கு. பாத்து வாங்க.’

ஃபேன் சத்தத்தைப் பேச்சு என்று நினைத்திருக்கும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஃபேனை நிறுத்தினோம். ரோட்டுச் சத்தம் வராமல் பால்கனிக் கதவைச் சாத்தினோம். போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். பேச்சு கேட்டால் ஒரு நீல வட்டம் விரியும், அந்த ஆப்பில். ஒரு நிமிஷம் இருக்கும், அறையில் ஒரு சத்தமும் இல்லை, நம்பினால் நம்புங்கள், அந்த வட்டம் விரிந்து விரிந்து சுருங்கியது. ஒரு ஆள் நிறுத்தி நிதானமாகப் பேசுகிற மாதிரி. பிறகு எழுத்து வந்தது.

‘அண்ணாச்சிய மேல ஏத்தாதிய.’

டெல்லியில் அவரை அங்கிள் என்பார்கள், சார் என்பார்கள், பாய்சாப் என்பார்கள். அண்ணாச்சி என்று கூப்பிட இங்கே ஒருத்தரும் கிடையாது. எந்த ஆப்பும் எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதி நான் பார்த்ததும் கிடையாது. நான் அலறவில்லை. டீ பொங்கி வழிகிற வாசனை வந்தது, போய் அடுப்பை அணைத்தேன், துடைத்தேன், திரும்பி வந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

அன்று சாயங்காலமே எதிர் ஃபிளாட் ரிதுவிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் ஒரு கல்லூரியில் சீன மொழி வகுப்பு எடுக்கிறவள். ஒன்றும் சொல்லாமல் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஆன்ட்டி, ஆப் கிஸ்ஸே பாத் கர் ரஹீ தீ?” என்றாள். யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று. எழுத்து சரியான சீனம்தானாம், ஆனால் புத்தகச் சீனம் இல்லையாம், செங்டு பக்கத்துக்காரர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்கிற பேச்சாம். அர்த்தம் கேட்டேன். படி ஈரம், அவரை மேலே அழைத்துப் போகாதீர்கள் என்றாள். அதே அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ‘மலை’யை அடித்துவிட்டு ‘ஓய்வு’ என்று எழுதினேன்.

மார்ச்சில் போய் வந்தோம். நல்ல வாரம், ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் பூங்காவில் உட்கார்ந்து டீ குடித்தோம், அவர் நாற்காலியிலேயே தூங்கினார். அன்றைக்கு அந்த மலையில் விபத்து ஏதாவது நடந்ததா என்று பிறகு தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்று நல்ல வெயில், படி காய்ந்துதான் கிடந்திருக்கும். மைக்கில் ஏதோ கோளாறு, மிச்சம் எங்கள் பயம் என்று நானும் விட்டிருப்பேன்.

போன மாதம் ரிது வேலை மாறிப் புனே போகிறாள் என்று விடைபெற வந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். அந்த இரண்டாவது வரியில் தமிழில் வராத நாலு எழுத்து சீனத்தில் இருந்ததாம், அங்கிளின் உடம்பு நிலை தெரிந்ததால் அன்றைக்குச் சொல்ல மனசு வரவில்லையாம்.

“என்ன எழுதியிருந்தது?”

“‘பிச்லீ பார் கீ தரஹ் நஹீ’, ஆன்ட்டி.”

போன தடவை மாதிரி வேண்டாம். எங்கள் பாஸ்போர்ட்டே இந்தப் பயணத்துக்காக எடுத்ததுதான்.

அவர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் அப்படியே சொன்னேன். தலையைத் தூக்காமல், “போன தடவையும் அவ சொல்லத்தான் செஞ்சா,” என்றார்.

“எவ?”

பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன எவ?”

தான் வாயே திறக்கவில்லை என்று இன்று வரை சொல்கிறார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகிறது, அவர் பொய் சொன்னால் எனக்கு முகத்திலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் முகத்தில் பொய் இல்லை.