ஒரே அச்சில் வார்த்த தட்டுகள்: சின்னசாமி சார் நினைவாக

செய்தி டெலிபோனில் வந்தது. மைசூரில் எங்கள் பிளாஸ்டிக் கம்பெனி அலுவலகத்தில் அன்று காலை கரண்ட் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ராமாபுரத்திலிருந்து உறவினர் ஒருவர் பேசினார்.

"லீவுல ஊருக்கு வந்திருந்த சின்னசாமி அண்ணன் காத்தால தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, வண்டி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுதுங்க. கம்பெனீல சொல்லோணும்னு அண்ணி சொன்னாங்க."

ரிசீவரை வைத்தேன். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. ஓய்வு பெற்றதும் ஊரோடு போய்க் கிடக்கப் போகிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்தச் சின்ன ஆசைக்குக்கூடக் காலம் இடம் கொடுக்கவில்லை. தொழிலாளர் சங்க மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அவரோடு அதிகம் சண்டை போட்டவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

சின்னசாமி அவர்கள் எங்கள் மோல்டிங் பிரிவின் சூப்பர்வைசராகப் பல வருடம் இருந்தார். குடும்பம் ராமாபுரத்தில், இவர் மைசூரில் ஒரு ஒற்றை அறையில். சனிக்கிழமை மாலை பஸ் ஏறினால் திங்கள் காலை நேராக வேலைக்கு வந்து நிற்பார். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அவர் செய்து அனுப்புவதைக் குறை சொல்வதுதான் என் உத்தியோகம். "அம்மிணி கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டு வந்துருச்சு, இன்னிக்கு நாம தொலஞ்சோம்" என்று தம் ஆட்களிடம் என் காதில் விழும்படியே சொல்வார்.

பக்கெட், குடம், டிரம் மூடி இவைதான் எங்கள் பிழைப்பு. மூடி விஷயத்தில் அவர் எமன். மூடியின் நடுப்பகுதி துளி உப்பியிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுவார். "உப்புன மூடி ஒண்ணு வெளிய போனாலும் எம் பேரு போச்சுங்க" என்று பேக்கிங் பெண்களிடம் சொல்லிச் சொல்லி, அவர்களுக்கு அது தூக்கத்தில்கூட மறக்காத பாடமாகிவிட்டது. மூடி சூடாக வரும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் மணல் மூட்டை வைத்து ஆறவிடுவார்கள். தட்டையாக வரும்.

அப்படி இருந்த கம்பெனிக்கு நான்கைந்து வருடம் முன்பு ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. வந்தவர் கூடவே ஓர் அச்சையும் கொண்டுவந்தார். அவர்கள் ஊரில் ஒரு விளையாட்டாம். தொலைவில் சங்கிலி தொங்கும் கூடை ஒன்று இருக்கும். தட்டை வீசி வீசி அந்தக் கூடையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தொலைதூரம் வீசுவதற்கென்று விளிம்பு கூராக இருக்கும் தட்டுக்கு டிரைவர் என்று பெயர். நாங்கள் அதைத் தட்டு என்றே சொன்னோம். அந்த மனிதர் முதல் நாள் மெஷின் பக்கத்திலேயே நின்று, வந்த தட்டுகளைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பி ஆறவைத்தார். பிறகு பின்பக்க மைதானத்துக்குப் போய் வலது கையால் ஒன்றை வீசினார். அது கொஞ்சம் வலப்புறம் சாய்ந்து, நிமிர்ந்து, நம்ப முடியாத தூரம் போய், வேகம் குறைந்ததும் மெல்ல இடப்புறம் திரும்பி உட்கார்ந்தது. எங்கள் ஆட்கள் அதை எடுத்துவர ஓடினார்கள்.

சின்னசாமி சார் மட்டும் என் பக்கம் குனிந்து, "வேகம் இருக்கறவரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் போகுமுங்க அம்மிணி. ஓயறப்பத்தான் அதும்பட புத்தி தெரியுது" என்றார்.

மாதிரித் தட்டுகள் அங்கே நன்றாகப் பறந்தன. பெரிய ஆர்டர் வந்தது. அதே அச்சு, அதே மெஷின், அதே பிளாஸ்டிக் குருணை. பெட்டிகள் போய்ச் சேர்ந்ததும் ஒரு ஃபாக்ஸ் வந்தது: இவை முன்னதைப் போல் பறக்கவில்லை, பாதி வழியிலேயே இடப்பக்கம் ஒடிகின்றன, என்ன மாற்றினீர்கள்?

நாங்கள் எதையும் மாற்றவில்லை. அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகான மாதங்களை நினைத்தால் இப்போதும் கை வலிக்கிறது. சார் குருணையைக் கூடுதலாகக் காயவைத்துப் பார்த்தார். அச்சின் சூட்டை ஏற்றினார், இறக்கினார். குளிர்விக்கும் தண்ணீரை மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும், பேக்கிங் ஷெட்டில் ஆறி வந்த தட்டுகளில் ஒரு கூடை எடுத்துக்கொண்டு சாயங்காலம் மைதானத்துக்குப் போவோம். அவர் வீசுவார், நான் விழுந்த இடத்தில் குச்சி நடுவேன். பிறகு இருவருமாகப் பொறுக்கிக்கொண்டு வருவோம். நான் புடவை முள்ளில் மாட்டி எரிச்சலில் ஏதாவது சொல்வேன். அவர் காதில் வாங்கமாட்டார். பக்கத்து நிலத்தில் ராகி போட்டிருந்தவர் வரப்பில் நின்று, "ஏன் சார், தினா இதே கெலசவா?" என்று கேட்பார். தினமும் இதே வேலைதானா என்று கேட்கிறார். சார் கையைத் தூக்கிக் கும்பிடு போடுவார்.

ஊருக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் வீசி வீசித் தோள் வீங்கிப்போய், தட்டுக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏனுங் அம்மிணி, ஒரு வயித்துப் புள்ளைக கூட இத்தன மாறி இருக்காதுங்க. எனக்குச் சலிச்சுப் போச்சு" என்றார். எனக்கும்தான் சலித்திருந்தது. ஆனால் அவர் சொல்லிக் கேட்டபோது பயமாக இருந்தது. முதலாளி அதற்குள், தப்பு செய்தது யாரென்று தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புவேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

காரணம் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். பேக்கிங் ஷெட் எங்கள் கட்டடத்துக்கு அந்தப் பக்கம். ஏதோ அட்டைப்பெட்டிக் கணக்குக்காக நாங்கள் இருவரும் அங்கே போனோம். சார் களைப்பில் உட்கார இடம் தேடி, ஓர் அடுக்கின்மேல் இருந்த மணல் மூட்டையைத் தூக்கப் போனார். பேக்கிங் பெண்களுக்கு மூத்தவரான மாதம்மா ஓடி வந்தார்.

"அத எடுக்க வேண்டாம் சார். இன்னும் சூடு ஆறல, உப்பிக்கும். நோடி, பாருங்க, நாங்க ஒண்ணுகூட உப்ப விடல."

அந்த அடுக்கில் இருந்தவை மூடிகள் அல்ல, தட்டுகள்.

வெளிநாட்டுக்காரர் வந்த முதல் நாள் மேஜையில் தனித்தனியாக ஆறிய தட்டுகளின் முதுகு லேசாக உப்பியிருந்தது. கனத்த விளிம்பு கடைசியில் ஆறிச் சுருங்கும்போது, மெல்லிய நடுப்பகுதியை மேலே தள்ளிவிடுகிறது. அந்த உப்பல்தான் தட்டைக் காற்றில் மிதக்க வைத்திருக்கிறது. எங்கள் பெண்கள் அதைப் பார்த்துப் பதறி, கம்பெனியின் மானம் போகக்கூடாதென்று, மூட்டை வைத்து அமுக்கித் தட்டையாக்கி, துடைத்து, அழகாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். அத்தனையும் அக்கறை. யாரும் அவர்களிடம் இது மூடி இல்லை என்று சொல்லவில்லை.

சார் மூட்டையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். மாதம்மாவை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. இனிமே இதுக்கு மட்டும் மூட்ட வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வழியில் என்னிடம், "இந்தப் பொம்பளைக நாலு பேரும் வூட்டுக்குப் போனா, நாலு வூட்லயும் அடுப்பு எரியாதுங்க. நீங்க வாயத் தொறக்கப்படாது" என்றார்.

முதலாளி அறையில் நானும் இருந்தேன். தட்டின்மேல் மூட்டை வைக்கச் சொன்னது யாரென்று கேட்டார்.

"நாந்தானுங்க" என்றார் சின்னசாமி சார்.

மூடிக்குச் சொன்னது அவர்தான். தட்டுக்குச் சொன்னது அவர் இல்லை. அதைப் பிரித்துச் சொல்ல அவருக்கு மனமில்லை.

மூட்டை இல்லாமல் அடுத்த சரக்கு போனது. அதுவும் அந்த மாதிரித் தட்டுகளைப் போல அச்சுப் பிசகாமல் பறக்கவில்லை. குருணை மூட்டை மாறினால் ஒரு மாதிரி, மழை நாளில் ஒரு மாதிரி. வெளிநாட்டுக்காரரே கடைசியில் எழுதினார்: எந்தத் தொழிற்சாலையிலும் இப்படித்தான், ஒரு சரக்கைப் போல இன்னொன்று வராது, ஆட்டக்காரர்கள் எந்தச் சரக்கு என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். தட்டையாகப் போனவற்றையும், எதிர்காற்றில் புரளாமல் போகிறதென்று தேடி வாங்கினார்களாம். அதைப் படித்துவிட்டு சார் சிரித்தார் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. அந்த ஃபாக்ஸ் வருவதற்குள் அவரை நஞ்சன்கூட்டு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கழிவு பிளாஸ்டிக்கை அரைக்கும் பிரிவு. போன பிறகு திருப்பி அழைக்கவும் இல்லை. கோபத்தில் செய்ததைத் திருத்தினால் கோபம் பொய்யாகிவிடும் என்று முதலாளிகளுக்கு ஒரு பயம் உண்டு.

தினமும் மைசூரிலிருந்து ரயிலில் போய்வந்தார். எப்போதாவது ஸ்டேஷனில் பார்ப்பேன். சட்டையெல்லாம் பிளாஸ்டிக் தூள். "எப்படி சார் இருக்கீங்க?" என்றால், "இருக்கறனுங்க. ரயில்ல சீட்டுக் கெடச்சா நல்லாருக்கறன், கெடைக்காட்டி சுமாரா இருக்கறன்" என்பார். முதலாளியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மாதம்மாவும் மற்றவர்களும் வேலையில் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்வார்.

இறுதிச் சடங்குக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். மாதம்மா உள்பட நான்கு பேக்கிங் பெண்களும் வந்தார்கள்.  நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். வாசல் கழுவி ஈரமாக இருந்தது. அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மிணி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லோணும். எங்கூட்டுக்காரரு அங்க என்ன தப்புப் பண்ணுனாருங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நஞ்சன்கூட்டுக்குத் தள்ளிப்போட்டாங்கல்ல. கை சுத்தமில்லீன்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. இவருகிட்ட ஒருக்காக் கேட்டன். வேலைன்னா அப்படித்தான்னு சொல்லிட்டுத் துண்ட ஒதறிப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. அப்பறம் நானுங் கேக்கல. கேக்காமயே இத்தன வருசம் சோறு போட்டன்."

எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.  நான் தொடங்குவதற்குள் மாதம்மா வாசலிலிருந்து எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தார்.

"தப்பு எங்களதும்மா. நாங்க பண்ணுனது. சார் தம் பேருல வாங்கிக்கிட்டாரு. நாங்க நாலு பேரும் இன்னிக்கும் அங்கதான் வேல செய்யறோம்."

மற்ற மூவரும் பின்னால் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.  மணல் மூட்டையையும் தட்டையும் நான்தான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முடிந்ததும், சற்றுத் தள்ளி ஆண்களோடு உட்கார்ந்திருந்த தம் மைத்துனரைக் கூப்பிட்டார். "இங்க வாங்க. இவங்க சொல்றத நீங்களும் கேளுங்க" என்றார். அவர் வந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். மாதம்மா முதலிலிருந்து மறுபடி சொன்னார். அந்த அம்மாள் அப்போதுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எங்கள் முன்னால் முதன்முறையாக அழுதார்.

போய் வாருங்கள், சார். வீட்டில் சொல்லிவிட்டோம்.