காய்ச்சாத பால்

சாமுண்டீஸ்வரி லேசில் பயப்படுகிற ஆளில்லை. மிரண்டு ஓடிவரும் மாட்டின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் லாரிக்காரன் வழிவிடவில்லை என்றால் அவன் வண்டிக்கு முன்னாலேயே மாட்டை நிறுத்திவிட்டு நிதானமாக வெற்றிலை போடுவாள். அப்பேர்ப்பட்டவள் இந்த ஆடி மாதத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தாள்.

கரையான்சாவடி மெயின் ரோட்டுக்குப் பின்னால் அவளுடைய மாமனார் நெல் போட்ட நிலத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. விற்றது போக மிஞ்சிய மூலையில் அவளுடைய சிமெண்ட் ஷீட் வீடும் மாட்டுக் கொட்டகையும். அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் தெருவெல்லாம் மாடு. பாலை சொசைட்டியில் ஊற்றினார்கள். மேய்ச்சலுக்கு இடம் போனது, மாடு போனது, சொசைட்டியும் மூடிக்கொண்டது. அதற்காக நாட்டில் பாலுக்கு ஒன்றும் குறைவில்லை. உலகத்திலேயே நம் நாட்டில்தான் பால் அதிகம் என்று டிவியில் பெருமையாகச் சொன்னதை அவளும் கேட்டாள். டேங்கர் டேங்கராகப் பால் எங்கிருந்தோ வருகிறது, பொழுது விடிவதற்குள் பாக்கெட்டாகிக் கடைக்குப் போகிறது. இனி மூன்று மாடு வைத்திருப்பவளை யார் சீந்தப்போகிறார்கள் என்று, மாடுகளைத் தள்ளிவிடத்தான் இருந்தாள். அந்த நேரத்தில் குடியிருப்புக்கு ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் படித்த ஜனங்கள். அவர்களுக்குப் பாக்கெட் பால் ஆகாதாம். கண்ணெதிரே கறந்த பால்தான் நல்லது என்று போனில் யாரோ சொல்லியிருந்தான் போலிருக்கிறது. எவர்சில்வர் தூக்கோடு கொட்டகை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். சாமுண்டிக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனாலும் வருகிற லட்சுமியை வேண்டாம் என்பாளா?

அந்த வரிசையில் ராகவனும் ஒருவன். கரூர்ப் பக்கத்துக்காரன், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. மகள் வர்ஷாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவான். ஒருநாள் சாமுண்டி விளையாட்டாக, வாயைத் திற கண்ணு என்று சொல்லி, செவலைப் பசுவின் காம்பைத் திருப்பி ஒரு பீய்ச்சு பீய்ச்சினாள். பாதி வாயில், பாதி மூக்கில். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அது தினப்படி வழக்கமாகிவிட்டது. ராகவன் படம் பிடிப்பான், வர்ஷா வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள், இவள் பீய்ச்சுவாள். சாமுண்டிக்குப் பிள்ளை இல்லை. காலையில் அந்தச் சிரிப்பைக் கேட்காவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது.

ஆனி மாதம் குப்பைத்தொட்டிப் பக்கம் ஒரு நாய் செவலையின் முகவாயில் பிடுங்கிவிட்டது. மஞ்சளைக் குழைத்துப் போட்டாள், ஆறிவிட்டது, மறந்துவிட்டாள். ஆடி பிறந்ததும் ஒருநாள் செவலை தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. கத்தினால் தொண்டை கட்டிய குரல். மாடு வளர்க்கிறவளுக்கு இதைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? பிளாஸ்டிக் பையோ மாங்கொட்டையோ தொண்டையில் மாட்டியிருக்கிறது என்றுதான் தோன்றும். நாக்கைப் பிடித்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். கையெல்லாம் ஏற்கெனவே தீவனச் சோளத்தட்டை கிழித்த கீறல். தொண்டையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் வந்த மாட்டு டாக்டர் கொட்டகைக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்டார். சாமுண்டிக்கு ஆனி மாதத்து நாய் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செவலை சுவரில் மோதிக்கொண்டு விழுந்தது, பிறகு எழவில்லை. மற்ற இரண்டு மாட்டையும் வெளியே கொண்டுவரச் சொல்லி ஊசி போட்டார். இது வெறிநோய், காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பயமில்லை, பச்சையாகக் குடித்தவர்கள் யாராவது இருந்தால் உடனே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கையை விட்ட நீங்கள் இப்போதே கிளம்புங்கள் என்றார்.

பச்சையாகக் குடித்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் கையாலேயே ஊட்டியது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் டில்லிபாபு அவளைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். வழியெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

"நீ ஊசி போட்டுக்கோ. பால் வாங்குறவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிகினு இருக்காத. வெசயம் தெரிஞ்சா கொட்டாயையே பிரிச்சிடுவாங்க. கேட்டா, செவலைய வித்துட்டோம்னு சொல்லு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேறு யாராவது பச்சைப்பால் குடித்தார்களா என்று கேட்டாள். சாமுண்டி இல்லை என்று தலையாட்டினாள். வாய் திறந்து பொய் சொல்லவில்லை, தலைதான் ஆடியது என்று பிற்பாடு தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதில் ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. வரிசையில் பக்கத்தில் இருந்த பெண், இந்த நோய் வந்துவிட்டால் மருந்தே கிடையாது, தண்ணீரைக் கண்டாலே அலறுவார்கள் என்று கதை கதையாகச் சொன்னதை வேறு கேட்டுத் தொலைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வர்ஷா வந்து செவலை எங்கே அத்தை என்று கேட்டபோது, சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்லிவிட்டு மாட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். ஆனால் கண் மட்டும் குழந்தையின் கழுத்தில் தொங்கிய தண்ணீர் பாட்டிலிலேயே இருந்தது. குடிக்கிறாளா? ராகவன் மூடியைத் திறந்து நீட்டினான். வேண்டாம் என்று வர்ஷா தட்டிவிட்டாள். குழந்தைகள் நாளுக்குப் பத்துமுறை செய்கிற காரியம்தான். சாமுண்டி அதையே பார்த்துக்கொண்டு கறந்ததில் பால் பாதி தரையில் போயிற்று.

அடுத்தடுத்த நாட்களில் டில்லிபாபுவை விட்டுப் பால் ஊற்றச் சொன்னாள். தூரத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் வர்ஷாவின் குரலாகவே கேட்டது. ஊசி போட்டுக்கொண்ட மூன்றாம் நாள் காலை ராகவன் தனியாக வந்தான். பாப்பாவுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், தொண்டை வலிக்கிறது என்று எதையும் விழுங்கமாட்டேன் என்கிறாள், அரை லிட்டர் போதும் என்றான்.

விழுங்கமாட்டேன் என்கிறாளாம். கொட்டகைக்குள் இருந்த சாமுண்டிக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. ராகவன் திரும்பிப் போய்விட்டான். சிறிது நேரம் கழித்து அவள் எழுந்தாள். டில்லிபாபு கையைப் பிடித்தான், உதறிவிட்டுப் போனாள். லிப்டில் ஏறத் தைரியமில்லாமல் மூன்று மாடியும் படியிலேயே ஏறினாள்.

கதவைத் திறந்த ராகவனிடம், மூச்சு வாங்கச் சொன்னாள்: "சார், செவலைய விக்கல. செத்துப்போச்சு. வெறிநாய் கடிச்சிருக்குது. பாப்பா காம்புலேர்ந்து குடிச்சா இல்ல, ஊசி போடணும் சார். இப்பவே போணும்."

என்றைக்குச் செத்தது என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். காரில் இவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். அதே பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி நெரிசலில் ஒவ்வொரு சிக்னலிலும் அவள் வேம்புலியம்மனை வேண்டினாள். என் உசிரை எடுத்துக்கோ, அந்தப் பிள்ளையை விட்டுடு.

டாக்டர் வர்ஷாவின் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். இது சாதாரணத் தொண்டைக் காய்ச்சல் என்றார். பாலால் இந்த நோய் வந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லையாம். ஆனாலும் பச்சையாகக் குடித்திருப்பதால் விடக்கூடாது, ஊசியை ஆரம்பித்துவிடலாம், பயப்படாதீர்கள் என்றார். சாமுண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஊசி போட்டு அழுத குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி ராகவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"நல்லவேளைக்கா. வேற யாராவதா இருந்தா பயந்துகிட்டு மறைச்சிருப்பாங்க. என்ன நோய்னு தெரிஞ்சதும் நீங்க உடனே ஓடிவந்து சொன்னீங்க."

அதற்குள், அன்றைக்கு அவளிடம் கேள்வி கேட்ட நர்ஸ் வந்தாள். இவள் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, உங்களுக்கு இன்றைக்கு இரண்டாவது ஊசி, கையைக் காட்டுங்கள் என்றாள். பிறகு குழந்தையின் சீட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"ஒரே மாடுதானே? பாப்பாவுக்கு ஏன் இன்னிக்குத்தான் மொத ஊசி?"

ராகவன் நர்ஸைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சாமுண்டியின் பக்கம் திரும்பினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் மாடு செத்த அன்னிக்கே போட்டுகினேன் சார்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள், அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தாள். அவனோ அவள் பக்கமிருந்த தோளிலிருந்து குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து போனான்.