இரண்டு பிரிஜெட்டுகள்

சிட்னியில் என் மகளுக்கும் ஷானுக்கும் கல்யாணம் நிச்சயமானது. ஷானின் முன்னோர் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். மண்டபத்தில் வைப்பதற்காக இரண்டு குடும்பத்தின் வம்சாவளியையும் நானே பெரிய அட்டையில் எழுதினேன்.

சம்பந்தியம்மா மொரீன் தந்த பழைய ஞானஸ்நானப் பதிவுகளில், ஒரே தாய்க்கு பிரிஜெட் என்ற பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யாரோ தவறாக இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று ஒன்றை விட்டுவிட்டேன். தவறைக் கண்டுபிடித்த பெருமை வேறு எனக்கு.

அட்டையைப் பார்த்த மொரீன், "மூத்தவள் எங்கே? கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட்டாளே. அவள் பெயரைத்தான் அடுத்தவளுக்கும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது வழக்கம்" என்றார்.

எங்கள் வீட்டில் இறந்த குழந்தையின் பெயரை மறுபடி வைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை. கூனிக்குறுகிப் போனேன். மொரீன் என் தோளைத் தட்டிவிட்டு, பேனாவை எடுத்து நீட்டினார். மூத்த பிரிஜெட்டை எழுதினேன்.

பிறகு எங்கள் பக்கத்தையும் பார்த்தேன். எனக்கு முன்னால் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்ட குழந்தையை நானே எழுதவில்லை. என் பெயருக்கு முன்னால் ஒரு கோடு இழுத்து 'அக்கா' என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், அவளையும் சேர்த்தே சொல்கிறேன்.