ஒட்டுக் கட்டுகிற கை

உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டம்ளரில் போடும்போது செல்லியம்மாவிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் உளுந்து நழுவும். பேசியவருக்கு வசவு விழும். "கண்ணு தெர்ல? வேலையா கீறேன் இல்ல?" திருப்பதியில், என் தோள்வலிக்காக நான் போகும் மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தில், வியாழக்கிழமைதோறும் அவருக்கு இதுதான் விரல் பயிற்சி. பின்கழுத்தில் விரல் நீளத் தழும்பு. கழுத்து குனியாது. தட்டை ஒரு ஸ்டூலின் மேல் உயர்த்தி வைத்துக்கொள்வார்.

வயது ஐம்பத்தொன்று. கார்வேட்டிநகரம் பக்கம் மாங்கன்று நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர். நல்ல ஜாதி மாமரத்துக் குச்சியை ஆப்புபோலச் சீவி, கன்றின் பிளவில் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். நாளொன்றுக்கு முந்நூறு கன்று. "நான் கட்னது காயாது," என்று சொல்லும்போது மட்டும் குரல் தணியும்.

நோய் தொடங்கியபோது, முதலில் அந்த நாடா விரலிலிருந்து நழுவியது. பிறகு ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்திருக்கிறார். குழம்புச் சட்டியைக் கீழே போட்ட அன்று கணவர் ரங்கையா "கொழுப்பு" என்றார். ஊரில் ஒருவர் முட்டியில் ஊசி போட்டார். புத்தூரில் ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார்.

"வலி கீதான்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா, அப்போ ஒண்ணுமில்ல, போன்னுடுவாங்க. வலியே இல்லாம கை செத்துக்கினு வருதுன்னு சொன்னேன். எவன் காதுல வாங்கினான்?"

சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது என்றான பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் நசுங்கிக் கிடந்தது. அறுவை செய்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "இனிமே கெடாம இருக்கத்தாம்மா இது. போனது எவ்ளோ திரும்பும்ன்றது, எத்தன மாசம் நசுங்கி இருந்துச்சுன்றதப் பொறுத்தது. சுகரைக் கட்டுல வை. பயிற்சிய விடாத."

சர்க்கரை நோய்க்காக ராகிக் களி தின்கிறார். பயிற்சியை ஒரு நாளும் விட்டதில்லை. அந்த மாசக் கணக்கை நினைத்தால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது ரங்கையாதான் பை தூக்கிக்கொண்டு கூட வருகிறார். வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம், "நான் இட்டுக்கினு வரலன்னா படுத்த படுக்கைதான்," என்பார். செல்லியம்மாவுக்குக் கழுத்து திரும்பாது. உடம்போடு திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

போன வாரம் அவருக்கு அறுவைக்குப் பின் ஆறாம் மாதப் பரிசோதனை. அடுத்த ஆளாக நான் பின்னால் நின்றிருந்தேன். புதிதாக வந்த இளம் டாக்டர் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே, ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு காலம் தொந்தரவு இருந்தது என்று கேட்டார்.

"மூணு மாசம் சார். தெரிஞ்ச ஒடனே இட்டாந்துட்டேன்," என்றார் ரங்கையா.

பேனா எழுதத் தொடங்கியது. செல்லியம்மா வலது கையைத் தூக்கி அந்தப் படிவத்தின் மேல் வைத்தார். பிறகு அந்தக் கையை டாக்டரின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். ஐந்து விரலும் பாதி மடங்கி நின்றன. இடது கையால் கட்டைவிரலை மடக்கினார். மோதிர விரலை மடக்கினார். சுண்டுவிரல் மடங்காமல் விலகி விலகிப் போனது. அதையும் இழுத்து அமுக்கிப் பிடித்தார். இரண்டு விரல்கள் மட்டும் நின்றன.

"வருசம்," என்றார்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதி முடிக்கும்வரை செல்லியம்மா அந்தக் கையை இறக்கவில்லை.